மால்டா டீச்சருக்குப் பக்கம் திருப்பிய காலம்

என் மனைவி இறந்த பிறகும் வியாழக்கிழமை மாலைகளில் நான் காரை எடுத்துக்கொண்டு கோயிலடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவள் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் பாடியவள். வியாழன்தான் பயிற்சி நாள். கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் அவளுக்கு முழங்கால் சரியில்லை என்று நான் கொண்டுபோய் விடுவேன். விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி வரும்போது நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் காருக்குள்ளேயே இருந்து கிரிக்கெட் கேட்பேன், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். பயிற்சி முடிந்ததும் அவள் வந்து ஏறுவாள். அன்றைக்குப் பாடியதை முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டைப் போடுவாள். பல வருடங்கள் அப்படிப் போயின.

அடக்கம் முடிந்து, வந்த உறவினர்கள் எல்லாரும் திரும்பிப் போய், மகளும் மான்செஸ்டரில் தன் வேலைக்குப் போன பிறகு, நான் மறுபடி பஸ் ஓட்டத் தொடங்கினேன். அந்த வாரம் வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சட்டை மாற்றி, காரில் ஏறினேன். கோயிலடியில் வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். எதற்காக வந்தேன் என்று நான் என்னைக் கேட்கவில்லை. துக்கம் தாங்காமல் அங்கே போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்போது எனக்குத் துக்கம் என்று ஒன்றும் தெரியவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ அப்படித்தான் முழு உடம்பும் இருந்தது. யாராவது தொட்டால் தொடுகிறார்கள் என்று தெரியும். அவ்வளவுதான்.

அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரம் யாரோ கார்க் கண்ணாடியில் தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் மால்டா டீச்சர் நின்றார்.

எங்கள் பங்கில் உள்ள தமிழர்கள் அவரை அப்படித்தான் சொல்வோம். மத்தியதரைக் கடலில் இருக்கிற மால்டாத் தீவில் பிறந்தவர். எழுபது வயதை நெருங்கியிருந்தார். குள்ளமான உருவம், ஆண்களைப் போல ஒட்ட வெட்டிய நரைமுடி, கோடையிலும் கழற்றாத ஒரு நீலக் கோட்டு. கோயிலில் ஓர்கன் வாசிப்பவரும் பாடகர் குழுவை நடத்துபவரும் அவர்தான். கிழக்கு லண்டன் பள்ளிக்கூடங்களில் நெடுங்காலம் சங்கீதம் படிப்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் பியானோ வகுப்பு நடத்தினார். சொந்தமாக இசை எழுதுகிறவர் என்பதும் எங்களுக்குத் தெரியும். என்ன எழுதினார் என்று யாரும் கேட்டதில்லை. நாங்கள் ஞாயிறு பூசையில் பாடுகிற பாட்டுகளில் சில அவருடையவை என்று மனைவி ஒருமுறை சொல்லியிருந்தாள்.

நான் கண்ணாடியை இறக்கினேன்.

"உள்ளே இதைவிடக் குளிர் குறைவு," என்றார். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைத்துக்கொள்வோம்; ஞாபகத்தில் உள்ளபடி தமிழில் எழுதுகிறேன். "நான் ஓர்கன் வாசிக்கும்போது பக்கம் திருப்ப ஓர் ஆள் வேண்டும்."

"எனக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியாது."

"தெரிய வேண்டாம். நான் தலையாட்டுவேன். நீங்கள் திருப்புங்கள்."

மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். அதைத் தேடுகிற தெம்பு எனக்கு இருக்கவில்லை. காரைப் பூட்டிவிட்டு அவருக்குப் பின்னால் போனேன்.

பக்கம் திருப்புகிறவர் வாசிப்பவரின் இடதுபக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளி நிற்க வேண்டும். தாளின் மேல் மூலையை இடது கையால் முன்கூட்டியே பிடித்திருக்க வேண்டும். ஆனால் கை வரிகளை மறைக்கக்கூடாது. தலை அசைந்ததும் ஒரே வீச்சில் திருப்பி, தாள் மறுபடி மடங்கி வராமல் உள்ளங்கையால் ஒருதரம் தடவிவிட வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் வேறு எதையும் நினைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. அது எனக்கு வசதியாக இருந்தது. நினைக்க வேண்டியவற்றை நினைக்காமல் இருப்பதற்கு ஒரு கண்ணியமான வேலை.

முதல் ஞாயிறு பூசையிலேயே இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன். டீச்சர் முகம் மாறாமல் மனப்பாடத்தில் இருந்ததை வாசித்துக்கொண்டே, "ஒன்று பின்னால்," என்றார். திருப்பினேன். யாருக்கும் தெரியவில்லை.

மனைவி நின்ற இடத்தில் இப்போது யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் நின்றார். மனைவியின் சிநேகிதி. வயதில் எங்களைவிட மூத்தவர். முதல் நாள் பயிற்சி முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு. வீட்டில தனிய இருந்தால் யோசினைதான். சாப்பாடு ஏதும் கொண்டந்து தரட்டோ?"

"வேண்டாம் அக்கா, வீட்டில இருக்கு."

"என்ன இருக்கு?"

உண்மையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் நான் எதைச் சாப்பிட்டேன் என்று இப்போது யோசித்தாலும் நினைவு வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அக்கா ஒரு டப்பாவில் சோறும் கறியும் கொண்டுவந்தார். கேட்டுவிட்டுத் தரவில்லை, தந்துவிட்டுப் போனார்.

பயிற்சி முடிந்தால் டீச்சரை அவர் வீட்டில் இறக்கிவிடுவது வழக்கமாயிற்று. பஸ்ஸில் போனால் சுற்று, காரில் கிட்ட. அப்படிப் போன ஒருநாள் அவர் திடீரென்று சொன்னார்:

"உங்கள் மனைவி எப்போதும் பிந்தித்தான் தொடங்குவார். எல்லாரும் தொடங்கின பிறகு, அரைத் தட்டுப் பிந்தி. நான் எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன்."

நான் வீதியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"மூச்சும் பிழையான இடத்தில் எடுப்பார். சொல்லின் நடுவில். அதைத் திருத்தவே முடியவில்லை என்னால்."

மனைவி செத்த நாளிலிருந்து எல்லாரும் அவளைப் பற்றி எனக்கு நல்லதையே சொன்னார்கள். தங்கமான பிள்ளை, பொறுமைசாலி, அந்தோனியார் பக்தி. வீட்டுக்கு வந்தவர்கள், போனில் எடுத்தவர்கள், பூசையில் பங்குச் சுவாமியார், எல்லாரும். கேட்கக் கேட்க அவள் எனக்குத் தெரியாத ஒருத்தியாகிக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவர் எனக்குத் தெரிந்த பெண்ணைப் பற்றிக் கதைத்தார். பஸ் வந்து நின்றாலும் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டு நிற்கிறவள். எந்தக் கலியாண வீட்டுக்கும் நேரத்துக்குப் போகாதவள்.

"வீட்டிலும் அப்படித்தான்," என்றேன்.

"நினைத்தேன்," என்றார் டீச்சர்.

மாரிக்குளிர் தொடங்கியதும் எனக்கு ஓய்வு நாட்களில் அவர் வீட்டிலும் வேலை வந்தது. ஃபாரஸ்ட் கேட்டில், வீதியோரத்து வரிசை வீடு. முன்னறை முழுக்கப் பியானோதான். அதைச் சுற்றி நடக்க வேண்டுமென்றால் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நடக்கலாம். மணம் முடித்துப் பிரிந்தவர். பிள்ளைகள் இல்லை. கணவரைப் பற்றி ஒரே ஒருமுறை சொன்னார்: "நல்ல மனுஷன். சத்தம்தான் அவருக்குப் பிடிக்காது."

தன் கதையை அவர் வரிசையாகச் சொன்னதில்லை. தேநீர் ஊறுகிற நேரத்தில் கொஞ்சம், பென்சில் சீவுகிற நேரத்தில் கொஞ்சம். அவருடைய ஊரில், அந்தத் தீவில் எல்லா ஊர்களிலும் போல, ஒரு வாத்தியக் குழு இருந்தது. திருநாளுக்கும் பெரிய வெள்ளிக்கும் வீதியில் வாசித்துக்கொண்டு போகிற குழு. அப்பா தச்சுவேலை செய்தவர், குழுவில் ட்ரம்போன் வாசித்தவர். குழுவின் மண்டபத்துக்குள் அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் போவதில்லை. ஆனால் டீச்சருக்கு நல்ல கையெழுத்து. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நோட்ஸ் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டியிருந்ததால், அப்பா தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தார். ஒரு கிளாரினெட்டைக் கையால் தொட்டுப் பார்க்காமலே, இரண்டாம் கிளாரினெட் எங்கே என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்தது.

"ஒருமுறை ஒரு நோட்டு எனக்குச் சரியாகப் படவில்லை," என்றார். "அதை மாற்றி எழுதிவிட்டேன். பயிற்சியில் குழுத்தலைவர் நிறுத்தி, இது யார் வேலை என்று கேட்டாராம். பிள்ளை பார்த்து எழுதும்போது பிழை விட்டிருக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். தலைவர், இருக்கட்டும், அப்படியே வாசியுங்கள் என்றாராம். நான் எழுதி முதலில் அரங்கேறியது அந்த ஒரு நோட்டுத்தான்."

பிறகு கன்னியர் மடத்தில் பியானோ. பிறகு உதவிப் பணத்தில் லண்டனில் படிப்பு. மூன்று வருடத்தில் திரும்பிப் போகிற எண்ணம். அதற்குள் ஒரு பள்ளிக்கூட வேலை வந்தது, பிறகு கலியாணம், பிறகு வீடு. இடையில் எழுதிக்கொண்டே இருந்தார். நான்கு தந்தி வாத்தியங்களுக்கு, பாடகர் குழுவுக்கு, ஐந்து சுரங்களுக்கு மேல் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு. ஓர் இசைத் துண்டை ஒருமுறை வானொலியில் போட்டார்கள். அந்த நேரம் அவர் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்கக் கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் மனக்குறை ஒன்றும் இல்லை. நேற்று மழை பெய்தது என்பது மாதிரிச் சொன்னார். எனக்கும் அதைக் கேட்டு ஒன்றும் தோன்றவில்லை. அதனால்தான் எங்களுக்கு ஒத்துப்போனது என்று நினைக்கிறேன். நான் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. அவரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

அந்த மாரியில் அவர் ஊர் வாத்தியக் குழுவிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்திருந்தது. புதிய தலைவர் இளைஞர். பெரிய வெள்ளி ஊர்வலத்துக்கு நடந்துகொண்டே வாசிக்க ஒரு துக்க இசை எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். அந்த ஊரில் ஒரு பெண்ணிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவையாம். டீச்சர் பென்சிலால் தாளில் எழுதினார். நான் அதைப் போனில் படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்பினேன். எழுதும்போது வாய்க்குள் தன் மொழியில் எண்ணுவார்: "வீஹெத், ட்னெய்ன், ட்லீட்டா." சில சொற்கள் அரபு மாதிரி இருக்கும், சில இத்தாலியன் மாதிரி. எண்ணுவது மட்டும் எனக்கும் பாடமாகிவிட்டது.

ஒருநாள் தலைவரிடமிருந்து பதில் வந்தது. நடுவில் ஓரிடத்தில் எந்த வாத்தியத்துக்கும் ஒன்றும் எழுதவில்லையே, விட்டுப்போயிற்றா என்று கேட்டிருந்தார்.

"பிழையில்லை, அப்படியே விடச் சொல்லுங்கள்," என்றார் டீச்சர். அப்படியே எழுதி அனுப்பினேன்.

அவருடைய வலது கையை நான் எப்போது கவனித்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கைதான் தெரியும். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ஆட்கள் வெளியேறும்போது வாசிக்கிற இசைத் துண்டில், மோதிர விரலும் சின்ன விரலும் உள்பக்கம் சுருண்டுகொண்டன. மற்ற மூன்று விரல்களும் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மாதிரி இருந்தது. மேலே இருந்த நோட்டுகளை விட்டுவிட்டு வாசித்தார். ஆட்கள் கை குலுக்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். காரில் ஏறியதும் கேட்டார்:

"பார்த்தீர்கள்தானே?"

"ஓம்," என்றேன். தமிழில்தான் வந்தது. அந்தச் சொல் எங்கள் பங்கில் எல்லாருக்கும் தெரியும்.

"வலி கிடையாது. அதுதான் விசித்திரம். விரல் அங்கேயே இருக்கிறது. நான் சொல்வதுதான் அதற்குக் கேட்கவில்லை."

"எனக்கும் அப்படித்தான்," என்றேன்.

எங்கே என்று அவர் கேட்கவில்லை. வைத்தியர் ஏதோ நரம்புப் பிரச்சினை என்று சொன்னாராம், ஆஸ்பத்திரியில் கைக்குச் சிகிச்சை செய்கிற பிரிவுக்கு எழுதிக் கொடுத்தாராம். கடிதம் வந்தால் போவேன் என்றார். போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்கியபோது மகள் வந்தாள். தாயின் உடுப்புகளைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்றாள். நான் கட்டிலில் இருந்தேன், அவள் அலுமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அப்பா, இது வச்சிருக்கவா, குடுக்கவா?"

"குடு."

"இது?"

"குடு."

"அப்பா, நீங்க ஓகேயா?"

"ஓம் பிள்ளை."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. அழுதிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் பைகளைக் கீழே கொண்டுபோய்க் காரில் ஏற்றினேன், பழைய உடுப்பு விற்கிற தர்மக் கடையில் இறக்கினேன், திரும்பி வந்து ஷிப்டுக்குப் போனேன். மகள் மூன்று சேலைகளைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள் என்று அவள் போன பிறகு அக்கா சொன்னார். மகள் அக்காவிடம் போய் அழுதிருக்கிறாள்.

டீச்சர் சுவாமியிடம் போய், புனித வியாழனோடு ஓர்கன் வாசிப்பதை நிறுத்துவதாகச் சொன்னார். நாளை அவர்தான் தேர்ந்தெடுத்தார். புனித வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது மணிகள் எல்லாம் அடிக்க ஓர்கன் வாசிப்பார்கள். அதன் பிறகு உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் ஓர்கன் மௌனம். எப்படியும் நிற்கிற இடத்தில் நின்றுவிடுவது அவருக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு அந்த இரண்டு விரல்களும் தொடக்கத்திலேயே சுருண்டுவிட்டன. இடது கையாலும் கால்களாலும் மிச்சம் மூன்று விரல்களாலும் வாசித்தார். மணிச் சத்தத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. முடிந்ததும் மூடியை இறக்கிப் பூட்டி, திறப்பை என் கையில் தந்தார். "சுவாமியிடம் கொடுங்கள். நான் கொடுத்தால் நன்றிப் பேச்சு ஒன்று வைப்பார்."

மறுநாள் பெரிய வெள்ளி. மாலையில் அவருடைய ஊரில் அவருடைய இசையோடு ஊர்வலம் போகும். டிக்கெட் எடுத்துத் தருகிறோம், வாருங்கள் என்று குழுவினர் கேட்டிருந்தார்கள். அவர் போகவில்லை. பெரிய வெள்ளியில் தன் பாடகர்களை விட்டுப் போனதில்லை என்றார். அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார்:

"அவவுக்குப் பயம் தம்பி. வேற ஒண்டுமில்லை."

மூன்று மணி வழிபாடு முடிந்து, கோயில் மண்டபத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் மண்டபத்துச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். குழுத்தலைவர் வீடியோ அழைப்பில் ஊர்வலத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். என் போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தேன். சொன்ன நேரத்துக்குப் பிந்தித்தான் அழைப்பு வந்தது. முதலில் ஒருவரின் கோட்டுத் துணி மட்டும் தெரிந்தது, பிறகு வானம், பிறகு மஞ்சள் கல் வீடுகள், ஒரு ஒடுங்கிய வீதி. கறுப்பு உடையில் ஆட்கள். யாரோ போனை உயர்த்திப் பிடித்தார்கள். சொரூபத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஆண்கள் ஆடி ஆடி வந்தார்கள்.

வாத்தியங்கள் தொடங்கின. காற்று இரைந்ததில் பாதி அடிபட்டுப் போயிற்று. டீச்சர் இடது கையால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"மெதுவாகப் போகிறார்கள்," என்றார். கொஞ்சநேரம் கழித்து, "இல்லை. அந்தப் பாரத்தோடு இதைவிட வேகமாக நடக்க முடியாது. அவர்கள்தான் சரி," என்றார். தட்டுவதையும் குறைத்துக்கொண்டார்.

பிறகு சட்டென்று ஒன்றும் கேட்கவில்லை.

"கட்டாயிட்டுதோ?" என்றார் அக்கா.

நான் போனை எடுக்கப் போனேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆட்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அப்போது போனிலிருந்து வேறொரு சத்தம் கேட்டது. கல்லில் இரும்பு இழுபடுகிற சத்தம்.

"சங்கிலி," என்றார் டீச்சர். "எங்கள் ஊரில் அன்றைக்குச் சில பேர் காலில் சங்கிலி கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். நேர்த்திக்கடன். யார் என்று தெரியாதபடி முகத்தை மூடியிருப்பார்கள். வாத்தியம் வாசித்தால் அது கேட்காது. அவர்களுக்காகத்தான் அந்த இடத்தை விட்டேன்."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ட்ரம்போன்கள் மறுபடி தொடங்கின. சில நொடிகளில் படம் உறைந்தது. இந்தத் தடவை உண்மையாகவே தொடர்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"டீச்சர், வடிவா இருந்தது," என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. சொல் புரியாவிட்டாலும் டீச்சர் தலையாட்டினார்.

"ட்ரம்போன் சுருதி குறைவு," என்று என்னிடம் சொன்னார். எழுந்து போய்த் தொட்டியில் கிடந்த கோப்பைகளை இடது கையால் கழுவத் தொடங்கினார். நான் துணியை எடுத்துத் துடைத்தேன். அக்கா அழுததும், டீச்சர் அழாததும், நான் அங்கே நின்றதும் எல்லாம் எனக்குத் தூரத்தில் நடப்பது மாதிரி இருந்தது. நான் என்ன உணர்ந்தேன் என்று யாராவது கேட்டிருந்தால், கோப்பை சூடாக இருந்தது என்றுதான் சொல்லியிருப்பேன்.

உயிர்ப்புப் பூசைக்குப் புதிய ஓர்கன்காரர் வந்தார். நல்ல பையன், நன்றாக வாசித்தான். அவன் தாள் வைத்து வாசிக்கிறவன் இல்லை. திரையில் நோட்ஸ் ஓடும். காலடியில் ஒரு பொத்தானை மிதித்தால் பக்கம் தானாகத் திரும்பும். நான் பழக்கதோஷத்தில் அவனுக்கு இடதுபக்கத்தில் போய் நின்றேன். அவன் மரியாதையாகச் சிரித்தான். பிறகு நான் பின்வரிசை வாங்குப் பலகையில் போய் இருந்தேன்.

டீச்சரின் கையைப் பார்க்க வரச்சொல்லிக் கோடையில் மறுபடி ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. முதல் இரண்டு தடவையும் அவர் போனில் எடுத்து, வர முடியவில்லை என்று சொல்லிவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரிந்துவிட்டிருந்தது. இந்தத் தடவை நானே அவரைக் கூட்டிக்கொண்டு போவது என்று சொல்லி ஷிப்டை மாற்றினேன். காலையில் போய் மணியை அடித்தால், வீட்டுச் செருப்போடு வந்து கதவைத் திறந்தார்.

"இன்றைக்கு வேண்டாம். இன்னொரு நாளைக்குப் பார்ப்போம். தேநீர் குடிக்கிறீர்களா?"

என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. வாசலில் நின்றபடி கத்தினேன். தமிழில்.

"நான் ஷிப்ட் மாத்திப்போட்டு வந்து நிக்கிறன், உங்களுக்கு விளையாட்டா இருக்கோ? கை போனால் போகட்டும் எண்டு இருக்கிறியள். செத்துப்போன ஆக்களுக்கு ஒண்டும் செய்ய ஏலாது. உயிரோட இருக்கிற கைக்கு என்னத்துக்கு இந்த அடம்?"

எதிர்வீட்டு வாசலில் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டிருந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. பல மாதங்களுக்குப் பிறகு என் உடம்பில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. அது கோபமாக இருந்தது. அவ்வளவு நல்ல கோபம் என்றும் சொல்ல முடியாது.

டீச்சர் உள்ளே போய்ச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, நீலக் கோட்டோடு வந்தார்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் கூட்டம். ஒரு மூலையில் இரண்டு கதிரை கிடைத்தது.

"வாசலில் சொன்னதை இப்போது ஆங்கிலத்தில் சொல்லுங்கள்," என்றார்.

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. செத்தவர்களைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். அவர் மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்கள் மனைவியும் இப்படிக் கத்துவாரா?"

"இல்லை. அவள் கத்தமாட்டாள். பேச்சை நிறுத்திவிடுவாள்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நேரமா? நாட்கணக்கில்."

ஒருமுறை நான் வாக்கும் கிளீனரைச் செருகுவதற்காக ஃப்ரீசரின் பிளக்கைக் கழற்றிவிட்டு மறந்துபோனேன். உள்ளே அவள் பெருநாளுக்கென்று வாங்கி வைத்த மீன், இறால், கணவாய் முழுக்கப் பழுதாகிவிட்டது. அவள் என்னோடு பேசவில்லை. மேசையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் மகள். 'உன்ர அப்பாவுக்குச் சோறு காணுமோ எண்டு கேள்.' 'உன்ர அம்மாவிட்டச் சொல்லு, காணும் எண்டு.' மகள் இரண்டையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எங்களுக்கே திருப்பிச் சொல்லி விளையாடினாள். கடைசியில் மனைவிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, தான் சிரித்ததற்கும் என்னோடு கோபித்துக்கொண்டாள்.

இதைச் சொல்லிக்கொண்டு போகும்போது என் குரல் உடைந்தது எனக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை. மூக்கு ஒழுகியது. டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. எதிர்ச்சுவரில் கை கழுவுவதைப் பற்றி ஒட்டியிருந்த அறிவித்தலை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு தாதி வந்து அவருடைய பெயரைப் பிழையாகக் கூப்பிட்டார். அவர் எழுந்து, தன் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

விரல்கள் பழையபடி வரவில்லை. வருமென்று அங்கே யாரும் சொல்லவும் இல்லை. இரவில் போட்டுக்கொள்ள ஒரு கையுறை மாதிரி கொடுத்தார்கள், சில பயிற்சிகள் கொடுத்தார்கள். மேலும் சுருளாமல் இருக்கிறது, அவ்வளவுதான். பியானோ வகுப்புகளை விட்டுவிட்டார். பாடகர் குழுவை இன்னும் நடத்துகிறார். ஊர்க் குழு அந்த இசையின் முழு ஒலிப்பதிவையும் அனுப்பியது. அதை அவர் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடமும் அதையே வாசிப்பார்களாம்.

நான் நன்றாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பெரும்பாலான நாட்கள் முன்னைப் போலத்தான். பஸ் ஓடும், நிற்கும், ஆட்கள் ஏறுவார்கள். இடையிடையே ஏதாவது ஒன்று வந்து குத்தும். குத்துவது தெரிகிறது.

போன மாதம் டீச்சரைச் சவுத்தாலில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கிளாரினெட் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சின்ன இசைத் துண்டு எழுதித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். திரும்பி வரும் வழியெல்லாம் வாகன நெரிசல். எழுத்து எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"மோசம்," என்றார். "எல்லாப் பிள்ளைகளும் மேல்ஸ்தாயிச் சுரங்கள் வேண்டும் என்கிறார்கள். அந்த உயரத்தில் ஒருத்தருக்கும் ஊதத் தெரியாது."

பிறகு கார் ஹீட்டரைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன்.